அத்தோக்கடை அக்கா பதில்கள்: நான்கு வெள்ளிக்கு ஒரு தட்டு வான்டன்

போன இதழில், சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது கீழ்க்கடையில் வான்டன் நூடுல்ஸ் (கறிக் கொழுக்கட்டையோடு வருகிற சீன நூடுல்ஸ்) சாப்பிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதுவே. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் வியாசர்பாடி. பீச் ஸ்டேஷன் எதிர்ப்புறம், செகண்ட் லைன் பீச் பக்கம் வீட்டுக்காரரோடு 22 வருடம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், தள்ளுவண்டி போட்டவள். இப்போது கடையைச் சின்ன மகன் பார்த்துக்கொள்கிறான்.

என் மகன் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை செய்கிறான். அடுத்த மாதம் என்னையும் அவன் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறான். ஹாக்கர் சென்டர் என்கிற சாப்பாட்டுக் கடைக் கூடத்தில் வான்டன் நூடுல்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறான். அது நம்ம பீச் அத்தோ மாதிரிதானா? அவன் வேலைக்குப் போன நேரத்தில் நாங்களே போய் வாங்க முடியுமா?
— 61 வயது வாசகர், ராயபுரம்

அத்தோவுக்கு அது தூரத்துச் சொந்தம், அண்ணே. இரண்டும் கோதுமை நூடுல்ஸ். இரண்டையும் நம் கண் முன்னால் கலந்து தருவார்கள். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப் வரும். அதற்கு மேல் வழி பிரிந்துவிடும். அத்தோவுக்கு நாங்கள் மத்தியானமே நூடுல்ஸை வேகவைத்து, எண்ணெய் தடவி, ஆறவிட்டு விரித்துவிடுவோம். ஆள் வந்ததும் முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கின பேஜோ (மொறுமொறு தட்டை) எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்போம். பர்மா மொழியில் அந்தப் பெயருக்கே கலந்து பிசைந்தது என்றுதான் அர்த்தம். வான்டன் நூடுல்ஸ் அப்படி இல்லை. நீங்கள் வாயைத் திறந்து கேட்ட பிறகுதான் அந்த நூடுல்ஸ் தண்ணீரையே பார்க்கும்.

மகள் வீட்டுக்குக் கீழே இருந்த கடையை நான் இரண்டரை மாதம் பார்த்தேன். வருடம் 2023. கடைக்காரருக்கு 70 வயது இருக்கும். அங்கே எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட அவர் சம்சாரம். சாப்பிடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் நின்று அவர் கையைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு பிடி நூடுல்ஸை எடுத்து இரண்டு கையாலும் உதறிப் பிரிப்பார். கம்பி வலைக் கரண்டியில் போட்டுத் தளதளவென்று கொதிக்கிற பெரிய அண்டாவில் இறக்குவார். நீளக் குச்சியால் இரண்டு சுற்று. ஒரு நிமிடம்கூட ஆகாது, தூக்கிப் பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த தண்ணீரில் முக்குவார். திரும்பவும் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு. ஓங்கி ஒரு உதறு. ஒரு சொட்டுத் தண்ணீர் தட்டில் விழாது.

அந்தத் தட்டில் ஏற்கெனவே சோயா சாஸ், மிளகாய் விழுது, எண்ணெய், வறுத்த எள்ளெண்ணெய் எல்லாம் ஊற்றி வைத்திருப்பார். நூடுல்ஸ் அதன் மேல் விழுந்த சூட்டிலேயே கலந்துவிடுவார். மேலே கொதிநீரில் காட்டி எடுத்த சாய் சிம் கீரை, தேன் நிறத்தில் ஓரம் கருகின சார் சியூ துண்டு. சார் சியூ என்றால் இனிப்பு மசாலாவில் ஊறவைத்துச் சுட்ட பன்றி இறைச்சி. வான்டன் தனிக் கிண்ணத்தில், தெளிந்த சூப்பில், வெங்காயத்தாள் தூவி வரும். பன்றிக் கொத்துக்கறியும் இறாலும் கலந்து, கண்ணாடி மாதிரி மெல்லிய மாவுத் தாளில் மடித்த குட்டிக் கொழுக்கட்டை அது. கான்டனீஸ்காரர்கள் அந்தப் பெயரை எழுதும் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் 'மேகத்தை விழுங்கு' என்று வருகிறது. சூப்பில் அதன் ஓரம் விரிந்து மிதக்கிறதை ஒரு தரம் பாருங்கள், பெயர் பொருத்தம் புரியும்.

உங்கள் மகன் இல்லாமலே நீங்கள் தாராளமாக வாங்கலாம். முதலில் ஒரு மேசை பிடியுங்கள். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம், உட்காராதீர்கள். நீங்களும் அப்படி ஒன்று வைத்துவிட்டுப் போகலாம். கடையில் வரிசையில் நின்று, 'டிரை' அல்லது 'சூப்' என்று ஒரு வார்த்தை, 'சில்லி' அல்லது 'நோ சில்லி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரை வாங்குங்கள். அங்கே அதுதான் வழக்கம், வான்டன் சூப் எப்படியும் தனியாக வந்துவிடும். மெல்லிய நூடுல்ஸுக்கு 'மீ கியா' என்று பெயர், பட்டையானதுக்கு 'மீ போக்'. பச்சை மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டிலில் இருக்கும், காரம் குறைவாக, புளிப்பாக இருக்கும், கண்டிப்பாக இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். என் தட்டுக்கு நான்கு வெள்ளி கொடுத்தேன். அங்கே நம் ஜனங்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அப்போது நம் கணக்கில் 240 ரூபாய் சொச்சம். பெரியவர்கள் நடத்துகிற கடையில் சில்லறையாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது அங்கே கட்டாயம்.

சுவர்ப் பலகையில் தமிழும் இருக்கும், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஹாக்கர் சென்டருக்குத் தமிழில் 'உணவங்காடி நிலையம்' என்று எழுதியிருப்பார்கள். முதல்முறை அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் விற்கிறவர்களுடைய இடத்துக்கு அங்கே இப்படி ஒரு நல்ல பெயர் இருக்கிறது.

வான்டன் நூடுல்ஸில் கறியை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா? நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை.
— வாசகி, மண்ணடி

வேண்டாம், தங்கச்சி. கறியை எடுத்தாலும் தட்டில் ஊற்றியிருக்கிற எண்ணெய் பல கடைகளில் பன்றிக் கொழுப்பை உருக்கினதாக இருக்கும். அந்தக் கொழுப்பைப் பொரித்த சிறு துண்டுகளையும் மேலே தூவுவார்கள். சூப்பும் பெரும்பாலும் பன்றி எலும்பில் கொதித்தது. கரண்டியும் அண்டாவும் ஒன்றுதான். ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிற கடை எது என்று பார்த்துப் போங்கள். அங்கே முயிஸ் என்கிற இஸ்லாமியச் சமய மன்றம் அந்தச் சான்றிதழைத் தருகிறது. கோழிக்கறியும் இறாலும் வைத்து ஹலால் வான்டன் செய்கிற கடைகள் உண்டு. சாப்பிட்ட தட்டை வைக்கிற அடுக்குகூட ஹலாலுக்குத் தனி, மற்றதுக்குத் தனி என்று எழுதி வைத்திருப்பார்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போனால் நம் முஸ்லிம் கடைகளில் மீ கோரிங் வாங்கிச் சாப்பிடுங்கள். மஞ்சள் நூடுல்ஸைத் தக்காளி, மிளகாய், முட்டையோடு கல்லில் போட்டுக் கொத்துகிற சத்தம் கேட்டால் மண்ணடியில் ராத்திரி கொத்து புரோட்டா போடுகிற மாதிரியே இருக்கும்.

சைவம் கேட்டு எழுதின கொளத்தூர் வாசகிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனச் சைவக் கடைகள் தனியாக இருக்கின்றன. கோதுமையிலிருந்து எடுத்த புரதத்தில் கறி மாதிரியே செய்து வைப்பார்கள். நூடுல்ஸில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நூடுல்ஸ் ஏன் மஞ்சளாக இருக்கிறது? முட்டையாலா, கலராலா?
— பிளஸ் டூ மாணவி, கொருக்குப்பேட்டை

முட்டையும் ஒரு காரணம்தான், கண்ணு. ஆனால் முக்கியமான காரணம் காரம். நாக்கில் எரிகிற காரத்தைச் சொல்லவில்லை. அப்பளத்துக்கு உளுந்து மாவில் அப்பளக்காரம் போடுகிறோமே, அந்தக் காரம். அவர்கள் மாவு பிசைகிற தண்ணீரில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கலந்திருக்கும். அது கோதுமையில் இயற்கையாக இருக்கிற ஒரு நிறப்பொருளை மஞ்சளாக்கிவிடும். மாவின் பசைத்தன்மையையும் இறுக்கும். கடித்தால் ரப்பர் மாதிரி எதிர்த்துவிட்டு அப்புறம் அறுபடுகிறது இல்லையா, அது இந்தக் காரத்தின் வேலை. குளிர்ந்த தண்ணீரில் முக்குகிறார்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கும் இதுதான் காரணம். காரத்தின் வாடையும் மேலே ஒட்டின மாவும் கழுவிப் போகும், வேகுவதும் அங்கேயே நின்றுவிடும். நம் அத்தோவில் தெரிகிற ஆரஞ்சு நிறம் நாங்கள் சேர்க்கிற கலர்தான். என் மகனிடம் அதைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டில் செய்து பார்த்தேன். நூடுல்ஸ் களி மாதிரி ஒட்டிக்கொண்டது, வான்டன் எல்லாம் தண்ணீரில் பிரிந்துவிட்டது. எங்கே தப்பு?
— வாசகி, பெரம்பூர்

உங்கள் கடிதத்தில் 'சின்னப் பாத்திரத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். குறைந்த தண்ணீரில் நூடுல்ஸ் போட்டதும் கொதி அடங்கிவிடும், மாவு கரைந்து கஞ்சியாகும். கடையில் கிடைக்கிற காய்ந்த முட்டை நூடுல்ஸ் வாங்குங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு அரை நிமிடம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி, திரும்பக் கொதிநீரில் ஐந்து எண்ணும் வரை, அப்புறம் நன்றாக உதறுங்கள். இருவர் சாப்பிட வேண்டும் என்றால் இரண்டு தரம் தனித்தனியாகப் போடுங்கள். மொத்தமாகப் போடுகிற ஆசையை விட்டுவிடுங்கள்.

சாஸ் தட்டில் முன்னாலேயே இருக்கட்டும். ஒரு தட்டுக்கு, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, டார்க் சோயா ஒரு டீஸ்பூன், லைட் சோயா ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரைத்த சிவப்பு மிளகாய் உங்கள் வாய்க்கு ஏற்றபடி. நம் நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த வாசனை வராது. நாம் எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம், அவர்கள் வறுத்துப் பிழிகிறார்கள். வாசனைக்கு வேண்டுமென்றால் எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்து அரை டீஸ்பூன் தூவுங்கள். நான் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

வான்டனுக்கு மைதா, ஒரு முட்டை, உப்பு போட்டுக் கெட்டியாகப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். கையில் பிடித்தால் உள்ளங்கை ரேகை தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவே ஒரு டீஸ்பூனுக்கு மேல் வைக்காதீர்கள். பிரிந்துபோனதற்கு உள்ளே காற்று நின்றதுதான் காரணமாக இருக்கும். ஓரத்தில் தண்ணீர் தொட்டு, பூரணத்தை ஒட்டி அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பூரணத்துக்குக் காசிமேட்டில் விடியற்காலையில் வெள்ளை இறால் வாங்குங்கள். பாதியை அரைத்தும் பாதியைப் பெரிதாக நறுக்கியும், கோழித் தொடைக்கறிக் கொத்தோடு, கொஞ்சம் சோளமாவு போட்டு ஒரே பக்கமாகச் சுற்றிப் பிசையுங்கள். ஹாங்காங்கில் வான்டன் என்றாலே முழு இறால்தான் முக்கியம். அங்கே நூடுல்ஸையும் சூப்பிலேயே போடுவார்கள், வான்டன் அடியில், நூடுல்ஸ் மேலே, சூப்பில் ரொம்ப ஊறிவிடக் கூடாது என்று. நூடுல்ஸ் சமைக்கிற எல்லா ஊரிலும் இந்த ஊறுகிற பயம் ஒன்றுதான்.

நாங்களும் பீச் பக்கம் வண்டி வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் தெருக்கடைக்காரர்களை எல்லாம் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்கிறார்கள். நமக்கும் அப்படி வந்தால் நல்லதா அக்கா? எனக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகி, எண்ணூர்

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்மா. உன் பயம் எனக்குத் தெரியும்.

அங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்த நாடு தனியானபோது ஆயிரக்கணக்கான பேர் தெருவோரம் சமைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். குழாய் கிடையாது, எச்சில் தண்ணீரும் எலும்பும் சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தான் போனது. 1968-லும் 69-லும் ஒவ்வொருவரையும் பதிவு செய்து உரிமம் கொடுத்தார்கள். 1971-லிருந்து குழாய், சாக்கடை, மின்சாரம், கழிவறையோடு அங்காடி நிலையங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1986-க்குள் தெருவில் இருந்தவர்களை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் பெயரை எழுதிக்கொண்டு, அப்புறம் இடம் கட்டி, அதற்குப் பிறகுதான் நகர்த்தினார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த அங்காடிக் கலாசாரத்தையே மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் கதை உனக்கே தெரியும். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த வருடங்களில் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் மாமியார் 1965-ல் ரங்கூனிலிருந்து வந்தவர். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தக் கைப்பக்குவமும்தான். 1969-ல் பர்மா பஜார் வந்ததால் சாமான் விற்கிறவர்களுக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. அத்தோவும், சூப் ஊற்றின நூடுல்ஸான மொய்ங்காவும் விற்றவர்கள் வண்டியிலேயே நின்றோம்.

ஒரு நாள் சாயங்காலம் 5 மணி. ஆபீஸ் விடுகிற நேரம், அப்போதுதான் முதல் தட்டுக்குக் கலக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு லாரி வந்து நின்றது. யார் என்று இங்கே எழுத வேண்டாம். வண்டியை அப்படியே தூக்கி ஏற்றினார்கள். விரித்து வைத்த நூடுல்ஸ் தாம்பாளம் ரோட்டில் கவிழ்ந்தது. வாழைத்தண்டு சூப் அண்டாவை மட்டும் என் வீட்டுக்காரர் கட்டிப் பிடித்துக்கொண்டார், கை வெந்துவிட்டது. 11 நாள் கழித்து வண்டி திரும்பி வந்தபோது ஒரு சக்கரம் வளைந்திருந்தது. எந்தச் சட்டப்படி எடுத்தார்கள், எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2014-ல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கிற வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. இடம் மாற்றச் சொன்னால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சாமானை எடுத்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகிற பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேராவது நம்மைப் போன்ற வியாபாரிகளாக இருக்க வேண்டும். உன் பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார். வியாபாரி அட்டை இருந்தால் வண்டியிலேயே ஒரு நகல் ஒட்டி வை.

நீ கேட்டதற்குப் பதில்: பீச் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீர்க் குழாயோடு, சாக்கடையோடு, இப்போது நிற்கிற அத்தனை பேருக்கும் கடை கொடுத்தால் நான் சம்மதிப்பேன். ரயில் இறங்கி வருகிறவன் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய்க் கட்டினால் சம்மதிக்க மாட்டேன். அங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்காதே. அந்த அங்கிளுக்கு மூன்று பிள்ளைகள், ஒருவர்கூடக் கடைக்கு வரவில்லை. சுற்றி இருந்த கடைகளிலும் 60 தாண்டினவர்கள்தான் அதிகம் நின்றார்கள். நம் பக்கம் என் மகன் நிற்கிறான், நீயும் நிற்கிறாய். அந்த விஷயத்தில் நம் நிலைமை நன்றாகவே இருக்கிறது.

குச்சியால் சாப்பிட வராது. ஸ்பூன் கேட்டால் கேவலமாக நினைப்பார்களா?
— வாசகர், தண்டையார்பேட்டை

யாரும் நினைக்க மாட்டார்கள், தம்பி. கடைக்குப் பக்கத்திலேயே முள்கரண்டி இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். வான்டனைப் பீங்கான் கரண்டியில் வைத்து, முதலில் ஓரத்தைக் கடித்துச் சூடு போகவிடுங்கள்.

ஹாக்கர் சென்டரில் கூட்டமாக இருக்குமாமே. பார்சல் வாங்கி ரூமில் வந்து சாப்பிட்டால் என்ன?
— வாசகி, திருவொற்றியூர்

முடிந்தால் அங்கேயே சாப்பிடுங்கள். தட்டு கையில் வந்த ஐந்து நிமிடத்துக்குள் பாதி உள்ளே போயிருக்க வேண்டும்.

நான் போனதே மகள் பிரசவத்துக்காகத்தான். நிறைமாதம், கால் வீங்கி இறங்கி வர முடியவில்லை. ஆனால் அந்த நூடுல்ஸ்தான் வேணும் என்பாள். பார்சலை அங்கே 'டாபாவ்' என்பார்கள். முதல் நாள் வாங்கிக்கொண்டு லிஃப்டில் 11-வது மாடி போய்ப் பிரித்தால் எல்லாம் ஒரே உருண்டை. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அங்கிள் என்னைப் பார்த்து, தினமும் இங்கே நின்று என் கையையே பார்க்கிறாய், அப்புறம் ஏன் கட்டிக்கொண்டு போகிறாய் என்கிற மாதிரி சைகையில் கேட்டார். நான் வயிற்றைக் காட்டி, 'டாட்டர்' என்று சொல்லி, மேலே கை காட்டினேன். அப்புறம் என் இரண்டு கையையும் நீட்டி, அத்தோ பிசைகிற மாதிரி பிசைந்து காட்டினேன், நானும் இந்த வேலைக்காரிதான் என்று. அவருக்குப் புரிந்துவிட்டது. சம்சாரத்தைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் நூடுல்ஸைக் கொதிநீரில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே எடுத்துவிட்டார். எண்ணெயை மட்டும் கலந்து ஒரு டப்பாவில் பரப்பி, மூடியை முழுக்க அழுத்தாமல் விட்டார். சாஸ் தனிப் பையில். சூப் தனி, வான்டன் தனி. பேஜோ நமத்துவிடும் என்று நாங்கள் பார்சலில் அதைத் தனியாகக் கட்டிக் கொடுப்போமே, அதே மாதிரி. நான் மேலே போய் அவள் தட்டில் சாஸை ஊற்றிக் கிளறினேன். இழை இழையாகப் பிரிந்து வந்தது. பிரசவத்துக்குப் போகிற நாள் வரை அவர் அப்படியேதான் கட்டிக் கொடுத்தார், நான் ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.